இருபத்து நான்கு கசுவாமி

லா சபோராவுக்கு ஆடுகிற பாய்மரத்தில் ஏறத் தெரியும், கிழிந்த பாயைக் காற்று அடிக்கும்போதே தைக்கத் தெரியும், நட்சத்திரம் பார்த்து வழி பிடிக்கத் தெரியும். சமைக்க மட்டும் தெரியாது. இருபத்தாறு வருஷமாகப் படகிலேயே குடித்தனம் நடத்துகிற மனிதருக்கு இது கொஞ்சம் வெட்கக்கேடுதான். ஆனால் மனைவி தாரிமா கூடவே இருந்ததால் அந்தக் குறை வெளியே தெரியாமல் போயிற்று. ‘சினார் லாவுத்’ என்கிற அவர்கள் படகின் பின்புறக் கூரைக்கடியில்தான் அடுப்பு, படுக்கை, முகம் பார்க்கும் கண்ணாடி, தொழுகைப் பாய் எல்லாம் இருந்தன. மகள் ஜும்ரியா தவழ்ந்ததும் அந்தப் பலகைகளின் மேல்தான்.

இந்த வருஷம் மேற்குக் காற்று தொடங்குகிற நேரம் பார்த்து, தாரிமாவின் வலது முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிக்கொண்டது. பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டு கரையில் வீடு போட்டிருந்த ஜும்ரியா வந்து அம்மாவைக் கையோடு கூட்டிப் போய்விட்டாள். தரைக்கு ஓடு பதித்த தனி அறை, தலைக்கு மேல் மின்விசிறி. அம்மா இனிமேல் இங்கேதான் என்று கிணற்றடி வரைக்கும் சொல்லி வைத்துவிட்டாள்.

தாரிமா அடுத்த பயணத்துக்கு வருகிறாளா இல்லையா என்று சபோராவுக்குத் தெரிந்தாக வேண்டும். வாயைத் திறந்து கேட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்கக் கூடாது. எங்கே போகிறோம், யார் யார் வருகிறார்கள் என்று கரையில் இருக்கும்போது பேசினால் காற்றின் காதில் விழும், விழுந்தால் அது முறைத்துக்கொண்டு திரும்பிவிடும். பவளத் திட்டைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பேச்சு. காலேதுபா தீவில் சபோராவைப் போன்ற கடலோடிகள் இதில் மகா கறார். அதனால் படகு எங்கே போகிறது என்று நானும் இப்போது சொல்லப் போவதில்லை.

மற்ற வருஷங்களில் கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை. சபோராவும் தாரிமாவும் அவள் தம்பி ஹமிருவும், எப்போதும் அந்த மூன்று பேர்தான். இந்தத் தடவை சபோரா வேலை செய்துகொண்டே கண்ணைக் கரை மேல் வைத்திருந்தார். நீர் வற்றும் நேரத்தில் படகைச் சாய்த்து அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டினார்கள். பலகை இடுக்குகளில் மரப்பட்டை நாரைத் திணித்துக் கலபத்து அடித்தார்கள். விற்பனைக்குப் பினோங்கோ தீவுக் கத்திகளையும் கோரைப்பாய்க் கட்டுகளையும் ஏற்றினார்கள். ஹமிரு உளியைத் தட்டிக்கொண்டே வம்புக்கு இழுத்தான்.

“மச்சான், ரெண்டு வருஷத்துக்கு முன்னால அக்கா காய்ச்சல்ல படுத்தப்ப நீங்க ஒரு மீன் குழம்பு வெச்சீங்களே, அதைக் கொட்டின எடத்துல இன்னிக்கு வரைக்கும் மீனே மாட்டலையாம்.”

“நீ நாரைத் திணி,” என்றார் சபோரா.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கசுவாமிக் கூடை வந்து சேர்ந்தது. மரவள்ளியைத் துருவி, பிழிந்து, கூம்பாக வேகவைத்து, எண்ணெய் விட்டு இடித்து அழுத்தியது, மாதக்கணக்கில் கெடாது. மகள் வீட்டு முற்றத்தில் தாரிமாவே செய்து அனுப்பியிருந்தாள். சபோராவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. வாயால் கேட்கத்தானே கூடாது, எண்ணக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பத்து நாள் பயணம், காற்று ஏமாற்றினால் இன்னும் இரண்டு நாள். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்று. மூன்று பேருக்கு முப்பத்தாறு இருக்க வேண்டும்.

இருபத்து நான்குதான் இருந்தது.

கூடையைக் கவிழ்த்து மறுபடி எண்ணினார். மூன்றாம் முறையும் எண்ணினார். எத்தனை முறை எண்ணினாலும் இரண்டு ஆள் கணக்குத்தான் வந்தது. அவருக்கும் ஹமிருவுக்கும்.

அப்புறம் அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. கயிறு மட்டம் என்றார், கலபத்து மட்டம் என்றார், குடிதண்ணீர் நாறுகிறது என்றார். கால் வலிக்காரி கரையில் இருப்பதுதான் நியாயம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நியாயமாக இருந்தும் நெஞ்சு கேட்கவில்லை. அவள் இல்லாத படகில் பத்து நாள் எப்படிக் கழியும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்தப் புயலுக்கும் அவர் அப்படிப் பயந்ததில்லை.

முழங்காலுக்குத் தடவும் எண்ணெய்ப் புட்டியைச் சாக்காக வைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். ஜும்ரியா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு காப்பி கொடுத்தாள். தாரிமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“அறை நல்லாருக்கு,” என்றார்.

“நல்லாத்தான் இருக்கு.”

“விசிறி?”

“சுத்துது.”

அதற்கு மேல் பேசினால் காற்றுக்குக் கேட்டுவிடும் என்று பயந்து, புட்டியை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

கிளம்புகிற அன்று விடிகாலைத் தொழுகையை முடித்துவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து நேராக வந்து படகின் முன்புறம் ஏறினார். நீர் ஏறியிருந்தது. எப்போதும் ஹமிருதான் கரைக் கம்பத்தில் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தாவி ஏறுவான். அன்றும் அவிழ்த்தான். கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் எறிந்தான். ஆனால் ஏறவில்லை, கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சபோராவுக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டு பேரில் ஒருவனும் கரையில் நின்றால் யாருக்கு அந்த இருபத்து நான்கு? படகோ மெல்ல நகரத் தொடங்கிவிட்டது. பதறிப்போய்ச் சுக்கானைப் பிடிக்கத் திரும்பியபோதுதான் மூக்கில் காப்பி மணம் ஏறியது.

பின்புறக் கூரைக்கடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மகள் வீட்டு அறையில் கிடந்த பூப்போட்ட மெத்தையைப் போட்டு, வலது காலை நீட்டி, சுக்கானைக் கையில் பிடித்தபடி தாரிமா உட்கார்ந்திருந்தாள். அவர் தொழுகையில் இருந்த நேரத்தில், அம்மாவின் பிடிவாதம் தாங்காமல் ஜும்ரியாதான் சிறு தோணியில் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறாள். அந்தத் தோணி இப்போது கொஞ்சம் தள்ளி மிதந்தது. அதில் ஜும்ரியா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திட்டைத் தாண்டும் வரை இருவரும் பேசவில்லை. அவர் பாயை ஏற்றினார், அவள் காப்பியை நீட்டினாள். அலை நிறம் மாறிக் கருநீலமானதும் அவர் வாயைத் திறந்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லத்தான் கூடாதே.”

“நீ எனக்கும் ஹமிருவுக்கும்தான் செஞ்சிருக்கேன்னு நெனச்சேன்.”

“அவன் பொண்டாட்டிக்கு நாள் நெருங்கிடுச்சு, கண்ணு தெரியலையா ஒங்களுக்கு? கூடையை மூணு தடவை கவுத்து எண்ணத் தெரிஞ்சுது. ஹமிரு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்.”

“முட்டி?”

“அங்கயும் வலிச்சுது, இங்கயும் வலிக்குது. அங்க வலிச்சா யாரைத் திட்டறது, வாத்தியாரையா? பாவம், அந்தத் தம்பி எதுத்துப் பேசவே மாட்டேங்குது.”

சபோரா சிரித்தார். கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கவும் இல்லை.

“காப்பி வாசம் மட்டும் வரலைன்னா, திட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருப்பேன், தாரிமா.”

“தெரியும். அதான் ஒங்களுக்கு முன்னாடியே ஏறி அடுப்பைப் பத்த வெச்சேன்,” என்றாள். “சரி, பாயை இழுத்துக் கட்டுங்க. செராமுக்குப் பத்து நாள் இருக்கு.”