காப்பர்-டிக்குச் சிங்கப்பூர் விலை

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் தப்பித் தவறியும் போகக்கூடாத வேலை, குடும்பக் கட்டுப்பாட்டு நிலையத்தில் விளக்கம் சொல்லும் வேலை. விலங்கியல் பட்டத்தோடு கோவில்பட்டி நிலையத்தில் சேர்ந்த எனக்குத் தவளையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வரும். மனிதர்களைப் பற்றி என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

நமுத்த சரக்கு

கூச்சத்தைவிடப் பெரிய தொல்லை, எங்களிடம் எல்லாமே இலவசம் என்பது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் வந்தார். விட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஆணுறைப் பாக்கெட்டை நகர்த்தினேன். விலை கேட்டார். "சும்மாதான் அண்ணாச்சி" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையிலேயே வைத்தார்.

"ஏம்மா, எங்க ஆபீஸ்ல நமுத்துப்போன தீப்பெட்டியத்தான் சும்மா குடுப்போம்."

சிஸ்டர் சொன்ன வைத்தியம்

எங்கள் நர்ஸ் ரோஸ்மேரி சிஸ்டரின் அண்ணன் குடும்பம் சிங்கப்பூரில். லீவில் வரும்போதெல்லாம் மதினி அங்கே ஆகும் டாக்டர் செலவைச் சொல்லிப் புலம்புவாராம். "உபயோகத்தைச் சொல்லத்தானே வெக்கம்? விலையைச் சொல்லேன்" என்றார் சிஸ்டர். விலை சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. சிங்கப்பூர் விலையைக் கேட்டதும் பெண்கள் மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். குளத்தூர் உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண் மட்டும் தயங்கி நின்றாள்.

"அம்புட்டு விலையா? அப்ப இத முழுங்கவா, பெட்டில வச்சுப் பூட்டவா?"

எப்போதும்வென்றான் மாமியார்

எப்போதும்வென்றான் ஊரிலிருந்து மாமியாரோடு வந்த முத்துலட்சுமிக்கு மூன்றாவது பிரசவத்திலேயே உயிர் போய்த் திரும்பியிருந்தது. இன்னொரு பிள்ளை என்றால் ஆள் தங்காது. உடம்பு தேறும்வரை ஆபரேஷனும் கூடாது, கருப்பையில் வைக்கும் காப்பர்-டிதான் வழி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் வீட்டில் மாமியார் சொல்தான் எடுபடும். அவர் நல்ல கரிசல் காட்டுக்குச் சொந்தக்காரர். "சும்மா வாங்குறதெல்லாம் கூலிக்காரங்களுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என் ஒரே அஸ்திரத்தை எடுத்தேன்: இதே காப்பர்-டிக்கும் டாக்டருக்கும் சிங்கப்பூரில் ஆகும் செலவைச் சொன்னேன். மாமியார் எழுந்தே விட்டார். முத்துலட்சுமி மேஜை விளிம்பைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"அம்புட்டு விலை உள்ளத ஓசில வாங்குனா, ஊருல எங்களப் பிச்சக்காரின்னு சொல்ல மாட்டாவளா? வாட்டி, போவோம்."

லண்டன்காரர்

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார். ஓட்டப்பிடாரத்துக்காரர், லண்டனில் வேலை, லீவில் வந்த இடத்தில் மனைவிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதாம். விலை கேட்டார். பழக்க தோஷத்தில், "இங்கே இலவசம், வெளிநாட்டில்தான் கொள்ளை விலை" என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார். "லண்டன்லயும் இது சும்மாதாம்மா. பிரசவத்துக்கே காசு வாங்க மாட்டாங்க."

என் பிழைப்பு போயிற்று என்று நினைத்தேன். ஆனால் வாசலில் மாமியார் நின்றுவிட்டார்.

"யாருக்குச் சும்மா? கூலிக்காரங்களுக்கா?"

"எல்லாருக்கும்தான் ஆச்சி. துரை வீட்டம்மாவும் ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்து இருந்துதான் வாங்கிட்டுப் போவாவ" என்றார் லண்டன்காரர்.

மாமியார் வாசலிலிருந்து திரும்பி வந்தார். பிறகு மருமகளின் முதுகில் கைவைத்து சிஸ்டரின் அறைப் பக்கம் தள்ளினார்.

"வெள்ளக்காரியே பெஞ்சில உக்காந்து வாங்குதான்னா நமக்கென்னட்டி வெக்கம்? உள்ள போ."

எங்கள் நிலையத்தில் எல்லாமே இலவசம்தான். கௌரவத்துக்கு மட்டும் லண்டன்வரை போய் விலை விசாரிக்க வேண்டியிருந்தது.