வில்லாபுரத்து வெந்நீர்

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது, வெந்நீருக்குச் சோலாரா கீசரா என்று நானும் கணவரும் மல்லுக்கட்டிக் கடைசியில் கீழே கீசர் மாட்டினோம். சித்திரை மாத மதியம். அவர் சுவிட்சைப் போட்டுக் குழாயைத் திறந்ததுமே கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா, எம்புட்டுச் சூடு! மாடிக்கும் ஒண்ணு வாங்கிருவோம்" என்று கடைக்குப் போன் போட்டார்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து, "ஏம்மா, காலையில போன கரண்ட்டு ஒங்களுக்காச்சும் வந்துருச்சா?" என்றார்.

பெயின்ட் வேலைக்காக ஃபேன்களைக் கழற்றியிருந்ததால் கரண்ட் போனது எங்களுக்குத் தெரியவே இல்லை. கொட்டியது, மொட்டை மாடியின் கறுப்புத் தொட்டியில் வெயில் காய்ச்சிய தண்ணீர்! கணவர் போனை வைத்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மாடிக்குக் கீசர் வாங்கவில்லை. இப்போதெல்லாம் கோடையில் விடிந்ததுமே வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுகிறோம். மதியம் குளிக்கப் பச்சைத் தண்ணீர் வேண்டுமே!