நாலாம் அறையின் ஆயுத பூஜை

மௌரீன் என்கிற அமெரிக்காக்காரியின் பாலைவனத்தில் சூரியன் காலை எட்டரை மணிக்கு உதிக்கும், அதுவும் பெங்களூர்க் கடிகாரப்படி. எட்டு இருபத்தெட்டுக்கே ரத்தினம்மாள் வைட்ஃபீல்ட் ஆபீசின் மூன்றாவது மாடியில் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, கறுப்பாகக் கிடக்கும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் காத்திருப்பாள். நேரம் வந்ததும் நாலாம் அறை முதலில் சாம்பலாகும், பிறகு பால் நிறமாகும், பிறகு எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்து நிற்கும். எண்ணூறு செடிகளும் தூக்கம் கலையாத பிள்ளைகள் கையைத் தூக்குவது மாதிரி இலைகளை மெல்ல மெல்லத் தூக்கும்.

“எழுந்தாச்சா?” என்பாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் காபி.

அந்த ஊரில் நிஜச் சூரியன் இல்லையா என்றால், வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது, அதுதான் தொல்லை. அமெரிக்காவின் அந்த மூலையில் கொடியில் சேலை போட்டால், இரண்டாவது முனையை எட்டிப் போடுவதற்குள் முதல் முனை காய்ந்து விறைத்து நிற்குமாம். தபால் பெட்டியில் போட்ட கடிதம் அப்பளமாகப் பொரிந்துதான் வீடு சேருமாம். பல்லிகள் முதலில் இரண்டு கால், பிறகு மற்ற இரண்டு கால் என்று மாற்றி மாற்றித்தான் நிற்குமாம். அந்த வெயிலோடு விளக்குகளின் சூடும் சேர்ந்தால் எந்த ஏசி தாங்கும்? அதனால் ஜன்னல் இல்லாத அறைகளில் செடிகளைப் பகல் முழுக்க இருட்டில் தூங்க வைத்துவிட்டு, ஊர் குளிர்ந்த பிறகு, ராத்திரியில், விளக்கைப் போட்டு எழுப்புகிறார்கள். அங்கே ராத்திரி என்றால் இங்கே பகல். ஆக, முளைத்தது எந்த ஊரானாலும் அந்தச் செடிகள் விழிப்பதும் தூங்குவதும் பெங்களூரோடுதான்.

என்ன செடி என்று பொம்மனஹள்ளித் தெருவில் யாராவது கேட்டால், “ஆஸ்பத்திரிச் செடி” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். அவள் வீட்டுக்காரர் உமேஷ் ஆட்டோ ஓட்டுகிறவர். அவரிடம் அந்தப் பேச்சு செல்லவில்லை. அவள் நோட்டில் வரைந்து வைத்திருந்த இலையை ஒருநாள் பார்த்துவிட்டார்.

“ஏய் ரத்னா, இது கஞ்சா.”

“மருந்துச் செடிங்க. அங்க லைசென்ஸ் குடுத்திருக்காங்க. வலிக்கு, வலிப்புக்கு மருந்து எடுக்கறாங்க.”

“இங்க இத வெச்சிருந்தா போலீஸ் இட்டுனு போவான். அங்க இருக்கறத இங்கேந்து பாத்தா சம்பளமா?”

“நான் தொட்டதும் இல்ல, மோந்ததும் இல்ல.”

“அதனாலதான் உனக்குக் குடுத்திருக்கான். மோந்து பாக்கறவனுக்குக் குடுத்தா தோட்டம் மிஞ்சுமா?”

அவளுக்கு அந்த வேலை கிடைத்தது கண்ணால். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். சட்டையை ஒருதரம் உதறி, ஒருதரம் திருப்பி, விட்டுப்போன தையலின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்த சட்டைக்குப் போய்விடுவாள். ஃபேக்டரியை ஊருக்கு வெளியே எங்கேயோ தள்ளிக்கொண்டு போனபோது, வைட்ஃபீல்டில் படம் பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். சினிமாப் படம் என்று நினைத்துக்கொண்டு போனாள். ஷ்ரேயாஸ் என்கிற இருபத்தேழு வயது டீம் லீடர், மல்லேஸ்வரத்துப் பிள்ளை, நூறு இலைப் படங்களை முன்னால் வைத்து, எதில் குறை இருக்கிறது என்று கேட்டான். பதினேழு படங்களில் குறை சொன்னாள். பதினெட்டாவதாக, “உங்க காலர்ல ரெண்டு தையல் விட்டிருக்கு தம்பி” என்றாள். மறுநாளே வேலை: செடிக்கு இரண்டாகத் தினம் வரும் படங்களைப் பார்த்து, குறை கண்ட இடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பது.

அன்றிலிருந்து தினம் காலையில் கம்பெனி வேன். சில்க் போர்டு சிக்னலில் அந்த வேன் நின்ற நேரத்தில் பக்கத்து ஸீட்டுக்காரி பேரனுக்கு ஸ்வெட்டரின் இரண்டு கையும் பின்னி முடித்து, இதற்குள் பேரன் வளர்ந்திருப்பான் என்று பிரித்து, பெரிதாக மறுபடி பின்னினாள். ரத்தினம்மாளுக்கு அந்த நெரிசல் உறைக்காது. கண்ணை மூடினால் அவள் நாலாம் அறையில் இருப்பாள். செருப்பில்லாமல் வரிசைகளுக்கு நடுவே நடப்பாள். காற்று பட்டுப்பட்டு இலைகள் முழங்கையைத் தொடும். எல்லாம் பெங்களூர் நேரத்துச் செடிகள் ஆயிற்றே, “ஊட்டா ஆய்தா அக்கா?” என்று வாய்நிறையக் கன்னடத்தில் சாப்பாடு விசாரிக்கும். ஆச்சு, ஆச்சு என்று பதில் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து பார்ப்பாள். அந்த மணம் மட்டும் எப்படி இருக்கும் என்று தெரியாததால், கனவில் எல்லாச் செடிக்கும் புதுத் துணியின் மணமே இருக்கும்.

அந்தப் பக்கம் செடிகளோடு இருப்பவள் மௌரீன். அறுபதைத் தாண்டியவள், நெட்டையாக, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகக் கேமராவில் எப்போதாவது தெரிவாள். ஒருதரம் இங்கிலீஷில் சொன்னாள்: “உன் படங்களை நான் பார்ப்பதில்லை. உன் சிவப்புப் புள்ளிகளை மட்டும்தான் பார்க்கிறேன். நீ வைக்காத இடத்தில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறேன்.” ரத்தினம்மாளுக்கு அந்த இங்கிலீஷ் முழுக்கப் புரிந்தது.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது.

செடிகள் விழித்துவிட்டால் திரையை விட்டுக் கண்ணெடுக்க முடியாது என்பதால் ஏழு மணிக்கே பூஜை. ஷ்ரேயாஸ் சாம்பல் பூசணி வாங்கி வந்தான். ரத்தினம்மாள் எல்லாத் திரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டு மேல் ஒவ்வொரு சாமந்தி வைத்து, கற்பூரம் ஏற்றினாள். வேலை பார்க்கிற ஒன்பது பேரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

“முடிஞ்சுது அக்கா, பொரி குடுங்க,” என்றான் ஷ்ரேயாஸ்.

“இரு தம்பி. மெஷின ஓட்டாம எப்படி முடியும்?”

கார்மெண்ட்ஸில் அப்படித்தான். கற்பூரம் எரிகிறபோதே ஒவ்வொரு டெய்லரும் தன் மெஷினில் துண்டுத்துணி வைத்து ஒரு கோடு தைத்துக் காட்டுவாள். ஓடாத மெஷினுக்குப் பூஜை சேராது.

“கம்ப்யூட்டர் ஓடிட்டுதானே இருக்கு?”

“இது மெஷின் இல்லப்பா, ஜன்னல். மெஷின் அங்கதானே இருக்கு.”

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அவசரத்துக்கென்று நாலாம் அறை விளக்கைக் கையால் போடுகிற பட்டன் ஒன்று திரையில் உண்டு. ஷ்ரேயாஸ் சிரித்துக்கொண்டே பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தான். போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். ரத்தினம்மாள் சாமியைக் கும்பிட்டு அழுத்தினாள். ஏழு பத்து.

பால் நிறம் எதுவும் வரவில்லை. பளீரென்று ஒரே அடியாய் வெளிச்சம். கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. எண்ணூறு செடிகளும் இலைகளைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. தினமும் அவற்றை விழிப்பிலேயே பார்த்தவள், தூங்கும்போது பார்த்தது அதுதான் முதல்முறை. கற்பூரம் அணைவதற்குள், இரண்டே நிமிஷத்தில், தானே விளக்கை அணைத்துவிட்டாள்.

“யாக்கே அக்கா, அதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டீங்க?” என்றவன், மத்தியானம் முகம் வெளுத்து அவளிடம் வந்தான். விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறான்.

நாலாம் அறை பூ விடுகிற அறை. பெண் செடிகள் மட்டும். பூக்கிற மாசத்தில் அவற்றின் பன்னிரண்டு மணி நேர இருட்டு உடையக்கூடாது. உடைந்தால், பயந்துபோய், சில செடிகள் தாமாகவே ஆண் பூவும் விட்டுவிடுமாம். சின்னதாக, மஞ்சளாக, பொம்மை வாழைச்சீப்பு மாதிரி. அது வெடித்துப் பொடி பறந்தால் அறை முழுக்க விதை வைத்துவிடும். விதை வைத்த பூ மருந்துக்கு ஆகாது. எண்ணூறும் குப்பைக்கு.

“ரெண்டு நிமிஷந்தானே,” என்றாள் ரத்தினம்மாள்.

“ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். ஆனாலும் நான் லாக் புக்ல லாம்ப் டெஸ்ட்னு எழுதிட்டேன் அக்கா. நீங்க யார்கிட்டயும் மூச்சு விட பேடா, வேணாம். வர்ற மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். இது தெரிஞ்சா ஒன்பது பேருக்கும் வேலை போச்சு.”

குற்றம் யாருடையது என்று தேடிப் போக வேண்டியதில்லை. அந்த மஞ்சள் வருகிறதா என்று தினமும் பார்க்கிற கண்ணும் அவளுடையதே. அதற்குப் பிறகு அவள் படம் பார்த்த விதமே மாறிவிட்டது. ஆயிரத்து அறுநூறு படங்களையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மஞ்சள் எங்கு கண்டாலும் திடுக்கிட்டாள். தெருவில் எலுமிச்சை வண்டி, ஸ்கூல் பஸ், உமேஷ் ஆட்டோவின் மேல்பாதி. கனவிலும் செடிகள் சாப்பிட்டாயா என்று கேட்பதை நிறுத்திவிட்டன. இலைகளைத் தொங்கப் போட்டபடி, யார் விளக்குப் போட்டது என்று தங்களுக்குள் கிசுகிசுத்தன. அவள் வரிசை வரிசையாக நடந்தாள். அறை நீண்டுகொண்டே போய் ஓசூர் ரோட்டில் கலந்தது.

“என்னடி, தூக்கத்துல ஒண்ணு ரெண்டு எண்ணிட்டிருந்த,” என்றார் உமேஷ். அவள் சொன்னாள், எல்லாவற்றையும். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, “மஞ்சளே வரலன்னா?” என்றார்.

“வரலன்னா சரி.”

“வந்தா?”

அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

பத்தொன்பதாம் நாள் வந்தது. பதினோராவது வரிசை, ஆறாவது செடி, உச்சியிலிருந்து மூன்றாவது கிளை. சீரகம் அளவுக்கு மஞ்சள். பெரிதாக்கினாள். சீப்பு. இன்னும் பெரிதாக்கினாள். ஒன்றிரண்டு காய் வாய் திறக்கிற பருவத்தில் இருந்தது. காலை பத்தேகால்.

பக்கத்து மேஜையிலிருந்து ஷ்ரேயாஸ் எட்டிப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

“அக்கா, அது நெழலா இருக்கும். அடுத்த படத்துக்குப் போங்க.”

“நெழலுக்குக் காம்பு இருக்குமா?”

“நாளைக்கு வேற யாராவது பாத்தா பாக்கட்டும். நீங்க பாத்ததா இருக்க வேணாம். பூஜை அன்னிக்கு யார் இருந்தாங்கன்னு கேட்பாங்க அக்கா. உங்களுக்கு நாற்பத்தொன்பது வயசு. வேற யார் எடுப்பா?”

அவன் மிரட்டவில்லை, நிஜமாகவே அவளுக்காகவும்தான் சொன்னான். அதனால்தான் அடுத்த படத்துக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். பச்சை, பச்சை. இந்நேரம் அந்த அறையில் மௌரீன், புள்ளி இல்லாத திரையைப் பார்த்துவிட்டு, நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். நாளைக்குள் காய் வெடிக்கும். ஏசிக் காற்று அந்தப் பொடியை எண்ணூறு செடிக்கும் சமமாகப் பரிமாறும்.

ரத்தினம்மாள் திரும்பி வந்தாள். பதினொன்று, ஆறு, மூன்றாம் கிளை. சிவப்புப் புள்ளி வைத்தாள். கார்மெண்ட்ஸில் குறையுள்ள சட்டையோடு அதைத் தைத்தவளின் நம்பர் எழுதிய சீட்டும் போகும். காரணம் என்கிற கட்டத்தில், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்தாள்: பூஜை நாள், காலை ஏழு பத்து, விளக்கு இரண்டு நிமிஷம், டெஸ்ட் இல்லை, அழுத்தியது நான், ரத்தினம்மாள். அனுப்பிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஷ்ரேயாஸ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

நான்கு நிமிஷத்தில் மௌரீன் கேமராவுக்குள் ஓடி வந்தாள். அந்த வயதில் அப்படி ஓடி ரத்தினம்மாள் யாரையும் பார்த்ததில்லை. கையில் தண்ணீர் தெளிக்கிற புட்டி. கிளையை நனைத்தாள், பொடி எழாமல் இருக்க. அந்தச் செடிக்கு மெல்லப் பையைப் போர்த்தி, வேரோடு தூக்கி வெளியே கொண்டுபோனாள். பிறகு பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு வரிசையாகக் குனிந்தாள். இங்கே ரத்தினம்மாளும் கூடவே குனிந்தாள். அப்போதிலிருந்து அஸ்தமிக்கும் வரை, பெங்களூர்க் கணக்கில், இரண்டு பெண்களும் ஒரே அறையைத் துழாவினார்கள். மேலும் இரண்டு செடிகள் அகப்பட்டன. இரண்டும் இவள் புள்ளி வைத்தவை.

கடைசியில் மௌரீன் நேரே கேமராவைப் பார்த்துக் கேட்டாள்: “பூஜை என்றாயே, எந்தச் சாமிக்கு?”

“மெஷின்தான் சாமி,” என்றாள் ரத்தினம்மாள், இங்கிலீஷைக் கூட்டிக் கூட்டி.

மௌரீன் யோசித்தாள். “அப்படியானால் சாமியைத் தூக்கத்தில் எழுப்பியிருக்கிறாய்.”

“ஆமாம் மேடம்.”

“உன் விளக்கால் வந்ததா, போன மாச வெயிலில் ஏசி நின்றுபோனதே, அதனால் வந்ததா என்று என்னாலும் சொல்ல முடியாது. பட்டனை இன்றே எடுத்துவிடுகிறேன். உன் கண்ணை வேலையிலிருந்து எடுக்க மாட்டேன்.”

பட்டன் போயிற்று. கான்ட்ராக்ட் ஒரு வருஷத்துக்குப் பதில் மூன்று மாசத்துக்கு வந்தது. பொய் எழுதியதற்காக ஷ்ரேயாஸ் நாலு பக்கம் விளக்கம் எழுதினான். ஒரு வாரம் ரத்தினம்மாளோடு பேசவில்லை. எட்டாம் நாள், “அக்கா, சித்ரான்னம் இருக்கா?” என்று டிபன் பாக்ஸைத் திறந்தான். அத்தோடு சரியாயிற்று.

அறுவடை முடிந்தது. நாலாம் அறை தேறிவிட்டது. ஆனால் புள்ளிக்கு முன்பே எங்கோ கொஞ்சம் பொடி பறந்திருக்கிறது; அந்தச் செடி நின்ற மூலையில் ஒரே ஒரு கிளையில் பதினோரு விதைகள். எண்ணி, எடை போட்டு, சாட்சி வைத்து நசுக்க வேண்டும் என்று அங்கே சட்டம். நசுக்குவதற்கு முன் மௌரீன் கூப்பிட்டாள்.

“பார்க்கிறாயா?”

விரல் நுனியில் ஒன்றை எடுத்துக் கேமராவுக்கு மிகக் கிட்டே கொண்டு வந்தாள். திரை முழுக்க அது நிறைந்தது, ஒரு பலாப்பழம் அளவுக்கு. பழுப்பு உடம்பில் கறுத்த வரிகள், சின்னப் புலிக்குட்டி தூங்குகிற மாதிரி. ஒன்பது பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வேன் வந்துவிட்டதென்று கீழிருந்து போன் வந்தது, யாரும் எடுக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் திருப்புங்க மேடம்,” என்றாள் ரத்தினம்மாள்.

மௌரீன் கை வலிக்கிற வரை திருப்பித் திருப்பிக் காட்டினாள்.