சும்மா வந்த செட்டு

யுத்தம் ஆரம்பித்ததும், வீட்டில் ரேடியோவில் பேசும் கருவி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு வந்தது. சிம்மக்கல்லில் எங்கள் வீட்டில் இருந்து செட்டை ஏற்றிப்போன மாட்டுவண்டிக்கு நாங்கள்தான் கூலி கொடுத்தோம். வண்டிக்காரர் பெட்டியின் கனத்தைப் பார்த்துவிட்டு அதிகமாகக் கேட்டார். நான் பேரம் பேசவில்லை. அந்தச் செட்டுக்குக் கொடுத்துக் கொடுத்து எனக்குக் கை ஓய்ந்து போயிருந்தது.

இத்தனைக்கும் அது சும்மா வந்த செட்டு.

என் வீட்டுக்காரருக்குத் தல்லாகுளத்தில் குமாஸ்தா வேலை. ஆபீஸ் விட்டு வந்தால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கடல் தாண்டி யார் யாரோ தந்திக் கட்டையில் தட்டுவதைக் கேட்பார். கேட்டதை அட்டையில் எழுதி அவர்களுக்கே தபாலில் அனுப்புவார். மொட்டைமாடியில் மூங்கில் நட்டுக் கம்பி கட்டியிருந்தார். அதில் ஒரு துண்டைக் காயப்போட்டால் போதும், வீடு ரெண்டுபடும். திருப்பித் தட்டுவதற்கு லைசென்சும் வாங்கி வைத்திருந்தார், தட்டி அனுப்புகிற செட்டு வாங்கத்தான் வக்கில்லை. இவருடைய அட்டைகளைப் பார்த்துப் பார்த்து இங்கிலாந்தில் ஒரு பெரியவருக்கு இவர் மேல் பிரியம் வந்துவிட்டது. தான் புதிது வாங்கிவிட்டதால் பழைய செட்டைக் கப்பலில் அனுப்புவதாக எழுதினார்.

"சும்மா தாராரு, தெரியுமா? சல்லிக்காசு வேண்டாம்னுட்டாரு!" என்று இவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தூத்துக்குடியில் பெட்டி இறங்கியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. வழியில் தொலைந்தால் நஷ்டஈடு கிடைக்கட்டும் என்று அந்த நல்ல மனுஷர், பெட்டியின் மேல் புதுச் செட்டின் விலையை எழுதியிருந்தார். சுங்கத்தில் பழசா புதுசா என்று யார் பார்க்கிறார்கள்? எழுதிய விலைக்குத் தீர்வை போட்டுவிட்டார்கள். கப்பல் கூலியைக் கொழும்பு வரைக்கும்தான் கட்டியிருந்தார். கொழும்பும் மதுரையும் அடுத்தடுத்த வீடு என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. மிச்சத் தூரத்துக்கு எடை போட்டு வாங்கினார்கள். உள்ளே இருந்ததோ இரும்பு ட்ரான்ஸ்பார்மர், அம்மிக்கல் கனம். ஏஜெண்டு கமிஷன் தனி. இவர் லீவுக்கும் பணத்துக்கும் அலைந்த நாட்களுக்கு குடோன் வாடகை வேறு ஏறிக்கொண்டே போனது.

"வேண்டாம்னு திருப்பி அனுப்பிருங்க" என்றேன்.

"அன்பாக் குடுத்ததத் திருப்பினா அந்த மனுசன் மனசு என்ன பாடுபடும்?"

முகம் தெரியாதவர் மனசுக்காக இவர் என்னோடு மல்லுக்கு நின்றார். என்னத்தைச் சொல்ல!

வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. நான் சீட்டுப் போட்டுச் சேர்த்தது இருந்தது. அது என் நாத்தனார் மகளின் காதுகுத்துக்கு. இவருடைய தங்கையைக் கோச்சடையில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பன் ஆத்தாள் போய்விட்டார்கள். இவர் ஒரே அண்ணன். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள், தோடும் சீரும் அந்தத் தாய்மாமன் வீட்டில் இருந்துதான் போக வேண்டும். அது இல்லாவிட்டால், புகுந்த வீட்டில் அவள் ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது.

"சொசைட்டில லோன் கேட்டிருக்கேன். காதுகுத்துக்குள்ள வந்துரும்" என்று சொல்லி, அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு ரயிலேறினார். செட்டு வந்தது. லோன் வரவில்லை.

வேறு வழி? என் காதுத் தோட்டைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்துத் தட்டில் வைத்தேன். காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போனேன். பொம்பளைகள் கண்ணுக்கு அதெல்லாம் தப்புமா?

நாத்தனாரின் மாமியார் தோட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். என் காதையும் பார்த்தார். "தாய்மாமன் சீரு, மாமி காதுல இருந்து கழண்டு வந்திருக்குடி!" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது.

இவர் வேட்டியை ஒதுக்கி, மடியைத் தயாராக வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தார். கழற்றிக் கொண்டுவந்த தோடு சீராகாது என்று அவரை எழுந்திருக்கச் சொன்னார்கள். நாத்தனாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் அவசரமாகத் தோடு வாங்கி வந்து உட்கார்ந்தார். பிள்ளை அவர் மடியில் வீறிட்டு அழுதது.

கிளம்பும்போது நாத்தனார் என் தோட்டை வெற்றிலையில் சுருட்டி என் கையில் வைத்து அழுத்தினாள்.

"ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா என் வளையலயாச்சும் தந்திருப்பேனே மதினி. அம்புட்டுப் பேரு முன்னாடி என்னய ஆளில்லாதவளாக்கிட்டீங்களே. இனிமே அண்ணே இந்தப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லிருங்க."

தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டேன். வண்டியில் இவர் ஒரு பக்கம் பார்த்தார், நான் ஒரு பக்கம் பார்த்தேன்.

செட்டு என்னமோ நன்றாகத்தான் வேலை செய்தது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், "இந்தா, ஓடி வா, ஓடி வா" என்று கூப்பிட்டார். காதுகுத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. செட்டு அனுப்பிய பெரியவரே தந்தியில் பேசுகிறாராம். கருவியை என் காதில் வைத்தார். கீச்கீச்சென்று கேட்டது, அவ்வளவுதான்.

"என்ன சொல்றாரு?"

திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு எழுதினார். "செட்டு நல்லபடியா வந்து சேந்துச்சான்னு கேக்குறாரு. இதுல உங்களுக்கு ஒண்ணும் செலவு வைக்கலையேன்னு கேக்குறாரு."

கட்டையில் தட்டினார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. மறுபடி கீச்கீச்சென்று வந்தது. இவர் எழுதிக்கொண்டே இருந்தவர், பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"ரொம்பச் சந்தோசம்ங்குறாரு" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.