படிவத்தில் பதிந்த கரி

ரத்தத்தில் உள்ள சில புரதங்களை அளந்து, நுரையீரல் புற்றுநோய் யாருக்கு முற்றும், யார் தாங்குவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றொரு ஆய்வு. வடசென்னை மருத்துவமனை ஒன்றில் அதற்காக ரத்தம் எடுத்து, படிவம் நிரப்பினேன்.

அனல்மின் நிலையங்கள் சூழ்ந்த எண்ணூரிலிருந்து ஒரு மீனவர் வருவார். அகன்ற தோள், அதற்குப் பொருந்தாத மெலிந்த கழுத்து. நாற்காலியைத் துண்டால் துடைத்து, துண்டில் ஒட்டிய கரியை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

"பீடி, சிகரெட் உண்டாண்ணே?"

"தொட்டதே இல்ல நைனா."

"வேற பழக்கம்?"

"பொறந்ததுலேர்ந்து எங்க ஊரு காத்த இஸ்துகினு கீறேன். அத்த எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லண்ணே."

எழுந்துபோய் ஜன்னல் விளிம்பில் கட்டை விரலைத் தேய்த்தார். படிவத்தில் 'வேறு பழக்கம்' என்ற இடத்தில் அழுத்தி வைத்தார். கறுப்பு ரேகை பதிந்தது.

"இப்ப கீது பார்."

மாலையில் மேலதிகாரி அதைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன அசிங்கம் இது? புதுசா எழுதுங்க." ரத்தம் எடுத்துவைத்த குழாய்களில் மட்டும் தூசு படக்கூடாது என்று ஐஸ் பெட்டியை இரண்டு முறை திறந்து சரிபார்த்தார்.

பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டேன். புதியதில் 'வேறு பழக்கம்: இல்லை' என்று எழுதினேன்.

அடுத்த முறை அவர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அத்த எழுதிட்டியா நைனா?"

"எழுதிட்டேண்ணே."

நம்பிக் கையை நீட்டினார். 'இல்லை' என்று எழுதிய அதே கையால் ஊசியை எடுத்தேன்.