வலது கை, இடது கை

இந்த வாரம் ஆறாம் வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது என்று யாராவது கேட்டால் பின்னங்கள் என்று சொல்வேன். பாடக்குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நான் நடத்திய பாடம் வேறு. அதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

ஜவ்வாது மலையில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராகப் போளூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய்வருகிறேன். திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார் என்றார்.

“பசங்களுக்குக் கை பழக்கிட்டீங்களா சார்?”

கை பழக்குவது என்றால் இதுதான். அதிகாரி கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வாத்தியார் வலது கை தூக்கியவர்களில் ஒருவரை எழுப்பிவிடுவார். பார்க்கிறவருக்கு எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று மனதுக்குள் துப்பிக்கொண்டேன். வெளியே, “பழக்கிடுறேன் சார்” என்றேன்.

அன்றிலிருந்து மூன்று நாள் கணக்குப் பீரியடில் பாதி இதற்கே போனது. பிள்ளைகள் விளையாட்டு மாதிரி சிரித்துச் சிரித்துக் கை தூக்கினார்கள். ஊரை ஏமாற்றச் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண். கணக்கு என்றாலே அவளுக்கு ஆகாது. அரையையும் காலையும் கூட்டச் சொன்னால், மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் நாலும் ஆறு என்று எழுதுவாள். திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“நானும் வலது கை தூக்கணும் சார்.”

உட்காரவைத்தேன்.

“உங்க வூட்ல அரைப்படி சாமை அளந்து, அது மேல காப்படி கொட்டினா இன்னா வரும்?”

“முக்காப்படி.”

“அப்ப இங்க இன்னா எழுதியிருக்கே?”

நோட்டைப் பார்த்தாள். இரண்டின் கீழ் ஆறு. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளும் சாப்பிட்ட கை ஈரம் காயுமுன் ஓடி வந்தாள். புதன்கிழமை பத்துக் கணக்கு கொடுத்தேன். பத்தும் சரி.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். அரையும் காலும் எவ்வளவு என்று அவரே பலகையில் எழுதி, “யார் சொல்றீங்க?” என்றார். வகுப்பு முழுக்கக் கை. அவள் வலது கையைத் தோள்பட்டை கழன்றுவிடும் போலத் தூக்கியிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். நானும் பார்த்தேன். தலைமையாசிரியர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இவள் உளறிவிட்டால் என் கதி என்ன என்று நினைத்தேன். முதல் வரிசையில் எப்போதும் சரியாகச் சொல்லும் பெண்ணை எழுப்பினேன்.

“முக்கால் சார்.”

அதிகாரிக்கு ஏக சந்தோஷம். “மலையில இப்படி ஒரு வகுப்பா, நல்லா பண்றீங்க” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு ஜீப் ஏறினார். “தப்பிச்சோம் சார்” என்றார் தலைமையாசிரியர். நானும் இளித்தேன். அந்த இளிப்பை நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பத்துக் கணக்கையும் திருத்தி டிக் போட்டவன் நான்தானே.

இன்று வெள்ளிக்கிழமை. முக்காலில் கால் போனால் எவ்வளவு என்று பலகையில் எழுதினேன். அதிகாரியும் இல்லை, தலைமையாசிரியரும் இல்லை. சில கைகள் எழுந்தன. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தெரியலையாம்மா?”

“தெரியும் சார். அரை.”

“அப்புறம் ஏன் கை தூக்கல?”

அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“எந்தக் கை தூக்கினாலும் நீங்க என்னைக் கேக்க மாட்டீங்க சார்.”