வழி விட்ட வீடு

எங்கள் புந்தா மெல் ஊரில் தீயணைக்கச் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. சங்கு ஊதினால் மீன்காரன் வலையைப் போட்டுவிட்டு ஓடுவான், பேக்கரிக்காரன் மாவுக் கையோடு ஓடுவான், பாதி முகம் சிரைத்தவன் மீதிப் பாதியில் சோப்பு நுரையோடு ஓடியதையும் இந்தக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆனால் யார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எடுவீனா கார்கமோ வந்து சேரும்வரை தீயணைப்பு வண்டி நகராது. அதை ஓட்டுகிறவள் அவள்தான்.

அதற்கு முன்னால் பல வருஷம் அவள் தீயணைப்புப் படைக்கு, மாவுக்குள் கறி வைத்து மடித்த எம்பனாடா பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். படைக்கு டீசல் போடவும் ஹோஸ் வாங்கவும் பணம் எங்கிருந்து வரும்? குலுக்கல் சீட்டு விற்க வேண்டும், எம்பனாடா விற்க வேண்டும். ஆண்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள், பெண்கள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பார்கள். ஒரு சுதந்திர தினத்தன்று சங்கு ஊதியது. வண்டியோட்டி போதையேற ஆப்பிள் சிச்சா குடித்துவிட்டு, சக்கரத்தில் சாய்ந்தபடி தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்தான். தினமும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற எடுவீனா ஜல்லிக் கரண்டியைக் கீழே வைத்தாள், ஏறினாள், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தீ அணைந்த பிறகுதான் கேப்டன் பெலார்மீனோவுக்குக் கேப்டன் என்ற நினைப்பு வந்தது.

"யாரைக் கேட்டு வண்டிய எடுத்த?"

"தீயைக் கேட்டுத்தான் எடுத்தேன் கேப்டன். அது காத்திருக்க முடியாதுன்னுச்சு."

அடுத்த வாரம் அவளைப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாகச் சேருகிறவரை நடுத்தெருவில் நிறுத்தி ஐஸ் மாதிரித் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சுவது வழக்கம். அவள் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாள். "சரி, இனிமே எம்பனாடா யாரு பொரிக்கிறது?" என்று கேப்டன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "கையிருக்கிறவங்க பொரிங்க" என்றாள். அன்று முதல் கேப்டன்தான் பொரிக்கிறார். அவர் பொரிப்பது காது மாதிரி இருக்கும். ஊர்க்காரர்கள் பரிதாபப்பட்டு வாங்குகிறார்கள்.

இப்போதுள்ள வண்டி அதற்குப் பின் வந்தது. ஜெர்மனியில் எங்கேயோ உழைத்துத் தேய்ந்து, ஓய்வு கொடுத்த பிறகு கப்பலேறி எங்கள் சிலோவே தீவுக்கு வந்து மறுபடி வேலையில் சேர்ந்த வண்டி. அதன் பொத்தான்களுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது ஒருவருக்கும் புரியாது. எடுவீனா ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். வண்டியை மந்திரிக்க வந்த பாதிரியார் புனித நீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒன்றை அமுக்க, வண்டி அவருக்குக் குடம் குடமாகத் திருப்பித் தெளித்துவிட்டது. அவர் நல்ல மனிதர், ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு ஓடினார்.

ஊரில் குலுக்கல் சீட்டு வாங்காத ஒரே ஆள் கிழவர் எலியோதோரோ. "நான் பொறந்ததுலேர்ந்து இந்த வீட்ல அடுப்பு எரியுது. ஒரு பொறி வெளிய வந்ததில்ல. உங்க சங்கு எனக்கு எதுக்கு?" என்பார். குளிர்காலத்துக்கு முன்னால் படைக்காரர்கள் நீளப் பிரஷ்ஷோடு வீடுவீடாகப் போய் அடுப்பின் புகைக்குழாயைச் சுத்தம் செய்து கொடுப்பார்கள். எங்கள் ஊரில் முக்கால்வாசித் தீ அந்தக் குழாயில்தான் பிடிக்கிறது. அவர்கள் தெருமுனையில் வரும்போதே எலியோதோரோ கதவைச் சாத்திவிடுவார். அவ்வளவு வீம்பு.

எடுவீனாவின் வீடு கடற்கரையில் இருந்தது. கடல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்று, கடைசியில் கோழிக்கூண்டுவரை வந்துவிட்டது. எங்கள் பக்கம் இடம் மாறுவது என்றால் சாமான் மட்டும் போவதில்லை, வீடே போகும். அடியில் இரண்டு பெரிய மரங்களைச் சறுக்குக்கட்டையாகக் கொடுத்து, மாடுகளைப் பூட்டி, ஊரே கூடி இழுக்கும். கூலி கிடையாது, முடிந்ததும் வயிறு முட்டச் சாப்பாடு. மிங்கா என்போம். எடுவீனா மேட்டில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து, அஸ்திவாரக் கல்லும் போட்டுவிட்டாள். வீட்டுக்குப் புதிதாக மஞ்சள் வண்ணம் அடித்தாள். அந்த மேட்டில் நின்று காலையில் காப்பி குடிப்பதை நினைத்து நினைத்தே ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

கேப்டனுக்கு மட்டும் அதில் வருத்தம். "மேட்டுக்குப் போயிட்டா சங்குச் சத்தம் கேக்குமா எடுவீனா? காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா?"

"உங்க எம்பனாடா வாசம் வந்தாலே ஓடி வந்துருவேன் கேப்டன்."

சிரித்தாலும் அவளுக்கும் அந்தக் கவலை உள்ளுக்குள் இருந்தது.

மேட்டுக்குக் குறுக்கு வழி எலியோதோரோவின் உருளைக்கிழங்குக் காடு. எடுவீனா போய்க் கேட்டாள். கிழவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"செடி நிக்கிற காட்டுல வீட்டை இழுத்துட்டுப் போவியா? நாளைக்குத் தேவாலயத்தை இழுத்துட்டு வருவீங்க. ரோடு எதுக்கு இருக்கு?"

எனவே ரோட்டிலேயே போவது என்று முடிவாயிற்று. அது சரளை ரோடு, வீட்டின் அகலமும் அதன் அகலமும் ஒன்று. ஒரு பக்கம் கிழவரின் வேலியும் காடும், மறுபக்கம் செங்குத்தான சரிவு, கீழே கடல்.

வாரம் முழுக்கப் பெய்த மழை அன்று காலைதான் விட்டது. கூரையில் கொடி கட்டி, பத்து ஜோடி மாடுகளைப் பூட்டினார்கள். படைக்காரர்கள் அத்தனை பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். கேப்டன் எதையும் மறக்கவில்லை. மேட்டில் சிப்பியும் இறைச்சியும் கிழங்கும் வேகிற குராந்தோக் குழிக்குப் பக்கத்தில் வாளி வைத்தார், மருந்துப் பெட்டி வைத்தார், மாட்டுக்கு முன்னால் விசில் ஊத ஓர் ஆளையும் வைத்தார். பாதி வழியில், எலியோதோரோவின் காட்டுப் பக்கம், எல்லோரும் மூச்சு வாங்கச் சற்று நின்றார்கள்.

எடுவீனாவின் புருஷன் நிக்கானோர்தான் முதலில் பார்த்தான். "கேப்டன், எலியோதோரோ மாமா வீட்டுக் குழாயைப் பாருங்க."

ரோட்டில் இன்னும் கொஞ்சம் மேலே இருந்த கிழவர் வீட்டிலிருந்து கருகருவென்று புகை. அப்புறம் குழாய் வாயில் நாக்கு மாதிரி நெருப்பு. ஊரே மிங்காவில் இருக்க, கிழவர் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்து, உங்கள் விருந்து எனக்கு வேண்டாம் என்று காட்டுவதற்காக ஒரு ஆட்டுத்தொடையை வாட்டிக்கொண்டிருந்தார். அடுப்பு கொள்ளாத அளவுக்கு விறகைத் திணித்திருந்தார்.

எடுவீனா ஏற்கெனவே கீழே ஓட ஆரம்பித்துவிட்டாள். வண்டிக் கொட்டகையைத் திறந்து, வண்டியைக் கிளப்பி, சைரனை அலறவிட்டு வளைவில் திரும்பினாள். எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் வீடு நின்றது. கை பழக்கத்தில் ஹாரன் அடித்தாள். தன் வீட்டைப் பார்த்தே ஹாரன் அடிக்கிறோம் என்பது மறுகணம்தான் உறைத்தது.

கேப்டன் வண்டிப் பக்கம் ஓடிவந்தார். முகம் செத்துப் போயிருந்தது. வாளிவரை யோசித்தவர், வண்டி எப்படி மேலே போகும் என்பதை யோசிக்கவில்லை. அவர் மட்டுமா? ஒருவருமே யோசிக்கவில்லை.

"காட்டுக்குள்ள எறக்கிச் சுத்திப் போயிரு," என்றான் பேக்கரிக்காரன்.

"டேங்க் நெறையத் தண்ணி. எறக்கினா அச்சு வரைக்கும் புதையும். அப்புறம் தீய ஊதித்தான் அணைக்கணும்," என்றாள் எடுவீனா.

"அப்ப வீட்டை வெரசா இழுத்துரலாம்."

"மேடு போய்ச் சேர சாயங்காலம் ஆகும்," என்றார் கேப்டன்.

இன்னும் ஒரே ஒரு வழிதான் இருந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கேப்டன் யாருக்கும் எந்த உத்தரவும் போடுவார், இந்த உத்தரவு அவர் வாயில் வரவில்லை.

எடுவீனா வீட்டைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளும் பிறந்த வீடு. வண்ணம் இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை.

நிக்கானோர் அருகே வந்து மெதுவாகச் சொன்னான்: "இந்த ஈரத்துல வீட்டைக் காட்டுல எறக்கினா மறுபடி எடுக்க முடியாது, எடுவீனா."

"தெரியும்."

"மேட்டுல கல்லு போட்டாச்சு."

"தெரியும்ங்க. கயித்தக் காட்டுப் பக்கம் மாத்திக் கட்டுங்க."

கட்டினார்கள். மாடுகளை வேலிக்குள் ஓட்டினார்கள். கூரைமேல் ஏறி ஈரச் சாக்கால் தீயை அடித்துக்கொண்டிருந்த எலியோதோரோ அங்கிருந்தே கத்தினார்: "டேய், கிழங்கு! என் கிழங்கு!"

"மாமா, நீங்க வேகுறீங்க, அதைக் கவனிங்க," என்று கத்தினாள் எடுவீனா.

காலையிலிருந்து நகர மறுத்து அடம்பிடித்த வீடு, காடென்றதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வேலி முறிந்தது, இரண்டு கண்ணாடி உடைந்தது. செடிகளை மடக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய், ஒரு பக்கம் சாய்ந்து, வாசற்படிவரை சேற்றில் அமிழ்ந்து நின்றது. அவள் கியரைப் போட்டாள். வண்டி வீட்டு மூலையை உரசிக்கொண்டு போனது. அந்தச் சிவப்புக் கோடு இன்றும் மஞ்சள் சுவரில் இருக்கிறது.

கிழவரின் அடுப்படிக் கூரை போய்விட்டது. மற்றதெல்லாம் பிழைத்தது. முதலில் பீய்ச்சிய தண்ணீர் நேராக எலியோதோரோவின் மேல்தான் விழுந்தது. "போச்சு, இவரும் படையில சேந்துட்டாரு," என்றான் பேக்கரிக்காரன்.

மேட்டிலிருந்த சாப்பாடு கீழே வந்தது. சாய்ந்து நின்ற வீட்டுக்குப் பக்கத்திலேயே, காட்டில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். சற்று நேரத்தில் எலியோதோரோ நனைந்த சட்டையோடு வந்தார். ஒரு பக்கம் கரியாகிப் போன ஆட்டுத்தொடையை நடுவில் வைத்தார்.

"எத்தனை செடி போச்சு தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். எடுவீனா அவருக்குத் தட்டை நீட்டினாள். அப்புறம் வண்டிக்குப் பின்னால் போய்த் தனியாகக் கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் பக்கத்து ஊர் மாடுகளையும் கூட்டிவந்து இழுத்தார்கள். கயிறுதான் அறுந்தது. திரும்பவும் மழை பிடித்துக்கொண்டது. நிக்கானோர் கட்டை கொடுத்து ஒருவழியாக வீட்டைச் சமப்படுத்தினான். ஆனாலும் மேஜையில் முட்டை வைத்தால் அது கிளம்பிவிடும். அந்தக் குளிர்காலம் முழுவதும் எடுவீனா சேற்றுக்கு நடுவில் குடியிருந்தாள், வாயைத் திறந்தால் மேட்டுப் பேச்சுதான்.

எலியோதோரோ தினமும் காலையில் வேலியோரம் வந்து நிற்பார்.

"உன் கோழி என் மண்ணைக் கிளறுது."

"உங்க மண்ணு என் வீட்டையே முழுங்கிருச்சு மாமா. நான் எதாவது கேட்டனா?"

அவர் ஒரு கூடைக் கிழங்கை வைத்துவிட்டு, இது கெட்டுப்போனது, எப்படியும் எறிய வேண்டியது என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு கிழங்குகூடக் கெட்டிருக்காது. படைக்காரர்கள் பிரஷ்ஷோடு வந்தபோது அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. குலுக்கல் சீட்டு மட்டும் வாங்கவில்லை. கொள்கை என்றார்.

குளிர் விட்டது. மண் காய்ந்ததும் இன்னொரு மிங்கா வைக்கலாம் என்றார் கேப்டன். "இந்தக் காட்டுல மட்டும் கிழங்கு ஊன்றதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க மாமா, மாடு நிக்கணும்" என்று எடுவீனா கேட்டாள். கிழவர் உம் என்றார். தீயணைப்பு வண்டிப் பம்ப்புக்கு ஒரு பாகம் வாங்க அவள் நகரத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாள்.

வந்து பார்த்தால் வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் புதுப் பாத்தி. சுவர்வரை ஒட்டி வரிவரியாகக் கிழங்கு ஊன்றியிருந்தது. எலியோதோரோ மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன மாமா இது? மாடு எங்க நிக்கும்?"

"நிக்க முடியாது. ஊனியாச்சே."

"நான் சொன்னது காதுல விழலியா?"

"வயசாகுதுல்ல."

அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் பார்த்தாள். அவள் வாசற்படியிலிருந்து ரோடுவரை ஓர் இடம் மட்டும் ஊன்றாமல் விட்டிருந்தது. அகலமான, நேரான பாதை. கடற்கரையிலிருந்து கூழாங்கல் சுமந்து வந்து கொட்டி, திமிசு போட்டு இறுக்கியிருந்தார். கிழவரின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

"இது எதுக்கு?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

எலியோதோரோ ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சங்கு ஊதினா நீ என் செடியை மிதிச்சுக்கிட்டுத்தான ஓடுவ. அதான்."

எடுவீனா அந்தப் பாதையில் வீட்டிலிருந்து ரோடுவரை ஒருமுறை ஓடிப் பார்த்தாள். கால் வழுக்கவில்லை. அன்று சாயங்காலம் நிக்கானோரிடம், மேட்டில் கிடக்கிற அஸ்திவாரக் கற்களைக் கீழே கொண்டுவரச் சொன்னாள்.